பதினேழாவது பார்ட்டி

வீட்டை விலைக்குப் பார்க்க வந்த பதினேழாவது பார்ட்டி காரை விட்டு இறங்கியபோது, ஹாலுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் அவசரமாக ஒரு பக்கெட்டை இழுத்து வைத்து, அதன் பக்கத்தில் ஒரு பூந்தொட்டியையும் நகர்த்தினார். பக்கெட் அலங்காரத்துக்கு இருப்பதுபோல் தெரிய வேண்டுமாம்.

வீடு என்னவோ நல்ல வீடுதான். எழுபது வருஷத்துக்கு முந்தைய புதுப் பாணி. தட்டையான கூரை, தோட்டத்தைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. முதலில் வந்த பார்ட்டி, "நாம சாப்பிடறதை ஊரே பார்க்கும் போலிருக்கே" என்றது. புரோக்கர் டாக்டரின் காதைக் கடித்தார்.

"கண்ணாடியை மறைச்சு ஒரு சுவரை எழுப்பிடுங்க டாக்டர். கொத்திக்கிட்டுப் போவாங்க."

சுவர் எழும்பியது. ஹால் இருண்டது. "கூரையில ஒரு ஓட்டை போட்டுக் கண்ணாடி பதிச்சா வெளிச்சம் அள்ளும்" என்றார் புரோக்கர். வெளிச்சத்தோடு மழையும் வந்தது. ஈரத்தில் மொசைக் தரை வழுக்கியது. அதன்மேல் டாக்டர் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினார். தரை உயர்ந்ததில் கதவுகள் திறக்க மறுத்தன; அவற்றின் அடியை அறுத்தார். இப்போது பூட்டிய வீட்டுக்குள் பூனை சௌகரியமாக வந்து போகிறது.

"பல்லு பிடுங்கற கையால கூரையைப் பிடுங்கினா இப்படித்தான் ஆகும்" என்றாள் மனைவி.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் வீட்டுக்கு எதிரிலேயே சின்னதாக ஒரு ஃப்ளாட் பார்த்தாயிற்று. மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று அதன் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பேத்தியோடு இருக்கும் ஆசையில் அவள் சமையல் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டாள். மூன்று வாரமாக இருவரும் ஒரே டம்ளரில் முறை வைத்துக் காபி குடிக்கிறார்கள். பேத்தியோடு இருக்க டாக்டருக்கும் ஆசைதான். வெளியே காட்டிக்கொள்வதில்லை.

இன்றைய பார்ட்டி புதுசாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கதவுக்கடியில் நுழைந்த பூனையைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றோம் சார்" என்றான் கணவன்.

புரோக்கருக்கு மட்டும் சிரித்த முகம் மாறவில்லை. "மனசைத் தளர விடாதீங்க டாக்டர். வாசல்ல ரெண்டு தூண் வைங்க, சிங்கத் தலையோட. வீட்டுக்கே ஒரு கம்பீரம் வந்துடும்." ஜோடியைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

"தங்கமான மனுஷன். இத்தனை பேர் கையை விரிச்சும் நம்மளை விடலை பாரு" என்றார் டாக்டர். "ஒரு வாய் காபிகூடக் கேட்டதில்லை."

"கேட்டாலும் எதுல குடுக்கறது?"

டாக்டர் மேஸ்திரிக்குப் போன் போட்டுத் தூணுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பார்ட்டியாக வந்துவிட்டு எதிர்வீட்டை வாங்கிக்கொண்ட பெண், குடையும் கையுமாக வந்து நின்றாள்.

"அங்கிள், நாளைக்கு எங்க அண்ணன் உங்க வீட்டைப் பார்க்க வரான். புரோக்கர்தான் கூட்டிட்டு வரார்."

டாக்டர் போனை வைத்தே விட்டார். "வாங்கற எண்ணத்தோடதானேம்மா வரார்?"

"கண்டிப்பா அங்கிள், பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டை. எங்களுக்குக் காட்டின மாதிரியே அவனுக்கும் முதல்ல உங்க வீட்டைக் காட்டிடறேன்னு புரோக்கர் சொல்லியிருக்கார். இதைப் பார்த்துட்டுப் போனா, அப்புறம் எந்த வீட்டைக் காட்டினாலும் அரண்மனையாத் தெரியுது!"