ஒரு நூல்கண்டும் ஏழு பாடங்களும்

கலைக்கு ஏழு கூறுகள் உண்டு என்பதே பதினெட்டு மணி நேரத்துக்கு முன்புதான் அவளுக்குத் தெரிய வந்தது. அந்தப் பதினெட்டில் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டாள்.

மீதி நேரத்தில் கோடு, வடிவம், பருமன், வண்ணம், ஒளிநிழல், மேற்பரப்பு, வெளி என்று ஏழையும் தனிம அட்டவணையைப் போல மனப்பாடம் செய்திருந்தாள். அவள் வேதியியல் பட்டதாரி. அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தெடுக்கும் தற்காலிக வேலை. எல்லோரும் அவளைக் ‘கெமிஸ்ட்ரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓவியங்கள் பதில் பேசாது. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் பற்றிச் சொல்லிக்கொடுத்து வந்தவர் முந்தைய நாள் மாலை திடீரென்று வேலையை விட்டுவிட்டார். இயக்குநர் நேராக இவள் அறைக்கு வந்தார்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு ஸ்கூல் வருது. நீதான் எடுக்கற.”

“சார், நான் புள்ளைங்களோட பேசினதே இல்ல.”

“நீ யாரோடயும்தான் பேசினதில்ல. புள்ளைங்களை மட்டும் ஏன் தனியா சொல்ற?”

அவள் பஞ்சை மறுபடி கரைசலில் நனைத்தாள்.

“இங்க பாரும்மா. கடைசியா வந்த மூணு ஸ்கூலும் பாதியிலயே ஓடிட்டாங்க. நாளைக்கு நிர்வாகக் குழுத் தலைவி அம்மா நேர்ல பாக்க வர்றாங்க. புள்ளைங்க ஒரு மணி நேரம் நின்னா இந்த நிகழ்ச்சி நிலைக்கும். ஓடினா, அந்த ஹால்ல உடைஞ்ச நாற்காலியைத்தான் அடுக்குவாங்க.”

“என் வேலை சார்?”

“உனக்கு அடுத்த வாரத்தோட முடியுது. நிகழ்ச்சி இருந்தா அதுல உன்னை நிரந்தரமா போடச் சொல்லிக் கேப்பேன். இல்லேன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?” கதவு வரை போனவர் திரும்பினார். “கூட வர்ற வாத்தியாருங்கதான் எமன். ‘டைம் ஆச்சு, பஸ் நிக்குது’ன்னு ஆரம்பிப்பாங்க. வாயைத் திறக்கவே விடாத.”

காலையில் அக்காவின் பின்னல் கூடையிலிருந்து பெரிய சிவப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அக்கா வாசல்வரை வந்தாள்.

“எப்படிடி சமாளிக்கப் போற? பஸ்ல ஸ்டாப் தாண்டிப் போனாக்கூட நீ கண்டக்டர்கிட்ட வாய் திறக்க மாட்ட. அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வருவ.”

“நடக்கறது உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

பத்து மணிக்கு வர வேண்டிய பஸ் பத்து மணிக்கே வந்தது. எந்தப் பள்ளியும் அப்படி வந்ததில்லை என்று காவலாளி அண்ணன் ஆச்சரியப்பட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

நாற்பது பிள்ளைகள் இறங்கி ஓடிவந்தார்கள். நேராகக் கழிவறைக்கு. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் முதலில் போகும் இடம் அதுதான் என்று அண்ணன் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே, அவள் கழிவறைக்கு எதிரே இருந்த ஹாலின் வாசலில் நூல்கண்டோடு நின்றாள். கை கழுவிவிட்டு வந்த முதல் சிறுமியின் ஈரக் கையில் நூலின் நுனியைக் கொடுத்தாள்.

“இதைப் பிடிச்சுக்கோ. விடாத.”

“எதுக்கு மிஸ்?”

“இது… கோடு.”

அடுத்து வந்தவனும் பிடித்தான். அதற்கடுத்தவளும். பிள்ளைகள் கழிவறையிலிருந்து வரவர, கோடு நீண்டு ஹாலுக்குள் போனது.

கடைசியாக, கழுத்தில் விசிலோடு விளையாட்டு ஆசிரியர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், எங்களுக்கு டைம் ஆச்சு. பஸ் வேற நிக்குது…”

இயக்குநர் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவளுக்கு அடுத்த வாரம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

“சார், கொஞ்சம் பேசாம நில்லுங்க.”

அந்த ஆசிரியரை ஒருவர் அதட்டி அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. நாற்பது முகங்களும் அவளை நோக்கித் திரும்பின. எண்பது கண்களிலும் பக்தி.

“மிஸ், இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்” என்றான் ஒருவன்.

அவள் அவசரமாகப் பாடத்துக்குப் போனாள். “நூலை இழுத்துப் பிடிச்சா நேர்கோடு. தொங்கவிட்டா வளைகோடு. மூணு பேரு மூணு பக்கமா இழுத்தா என்ன வரும்?”

“முக்கோணம்!”

“அதுதான் வடிவம். எங்க, ஆளாளுக்கு ஒரு வடிவம் பண்ணுங்க.”

ஆளாளுக்கு என்று சொல்லியிருக்கக் கூடாது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நாற்பது திசையில் ஓடினார்கள். நூல் தூணைச் சுற்றியது. பெஞ்சுகளைச் சுற்றியது. பேசாமல் நின்றிருந்த விளையாட்டு ஆசிரியரையும் நான்கு முறை சுற்றியது.

“மேடம், இவங்க இங்க வந்ததே…”

“அசையாதீங்க சார். முடிச்சு இறுகிடும்.”

இறுகிவிட்டது. தூணும் ஆசிரியரும் ஒரே வடிவமானார்கள்.

அவிழ்க்கப் போனால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். கலைந்தால் ஓடிவிடுவார்கள். முதலில் அவர்களைத் திசைதிருப்ப வேண்டும். அவள் மூன்று கண்ணாடிக் குடுவைகளை மேசையில் வைத்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. சோதனைக் குழாயில் நீலத்தையும் மஞ்சளையும் ஊற்றிக் குலுக்கினாள். பச்சை வந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் அவளுக்கே சிலிர்த்தது. கல்லூரியில் இவள் செய்த எந்தப் பரிசோதனைக்கும் யாரும் கை தட்டியதில்லை.

“நானு! நானு மிஸ்!”

ஆளுக்கொரு குழாய் கேட்டு மேசையை மொய்த்தார்கள். மேசைக்காலில் நூல் சுற்றியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நீலக் குடுவை சாய்ந்தது. மஞ்சள் குடுவையும் கூடவே போனது. வெள்ளைத் தரையில் ஒரு பச்சைக் குளம் பரவியது.

“அண்ணே! துடைப்பான்!”

காவலாளி அண்ணன் உதவிக்கு ஓடிவந்தார். குளத்தின் நடுவே காலை வைத்தார். துடைப்பான் இருந்தது இயக்குநர் அறைக்குப் பக்கத்தில். அவர் அங்கே ஓடினார். வெள்ளைத் தரை நெடுக, இடது வலது இடது வலது என்று பச்சைக் காலடிகள் போயின.

சற்று நேரத்தில் அந்தக் காலடிகளைப் பார்த்தபடியே, எதிர்த்திசையில் இரண்டு பேர் வரும் சத்தம் கேட்டது.

“என்ன சார் இது, புது ஓவியமா?” என்றது ஒரு பெண் குரல்.

“அது… வந்து… குழந்தைகள் நிகழ்ச்சிங்கம்மா” என்றார் இயக்குநர்.

குழுத் தலைவி! பச்சைத் தரை, கட்டுண்ட ஆசிரியர். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டாள்.

ஓவியங்களுக்கு வெயில் ஆகாது என்று ஜன்னல் வைக்காமல் கட்டிய ஹால். கும்மிருட்டு. யாரோ ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் நாற்பதும் அழும், நாற்பதும் ஓடும். அவள் தடவித் தடவி, பாடத்துக்காக வைத்திருந்த டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்தாள். தன் கையை அதன் முன் நீட்டினாள். சுவரில் மிகப் பெரிய ஐந்து விரல்கள்.

அழுகை நின்றது.

“வெளிச்சம் எங்கேருந்து வருது, நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. அதை வெச்சுத்தான் ஓவியத்துல மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுது.”

“சாரோட மூக்கைக் காட்டுங்க மிஸ்!”

டார்ச் தூணின் பக்கம் திரும்பியது. சுவரில் ஒரு மலை எழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மேடம்” என்றது மலை, பரிதாபமாக.

“மிஸ், இங்க எத்தனை மணிக்குச் சாப்பாடு போடுவாங்க?” என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது.

“ஒரு மணிக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?”

வாசல் கதவு திறந்தது. “யாரும்மா விளக்கை அணைச்சது?” என்றபடி உள்ளே நுழைந்த குழுத் தலைவியின் கால் நூலில் மாட்டியது. தடுமாறி, கைக்குத் தட்டுப்பட்ட பெஞ்சைப் பிடித்து, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

பருமன் பாடத்துக்காக அந்தப் பெஞ்சில்தான் எட்டுக் கிலோ ஈரக் களிமண்ணைப் பரப்பி வைத்திருந்தாள்.

இயக்குநர் விளக்கைப் போட்டார்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நூல். தூண். ஆசிரியர். பச்சைக் குளம். களிமண்ணில் தலைவி. அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தாள்.

தலைவி மெல்ல எழுந்தார். உடனே பெஞ்சைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள்.

“மிஸ், இங்க பாருங்க! அம்மாவோட டிரஸ் டிசைன் மண்ணுல அப்படியே விழுந்திருக்கு!”

இனி இழக்க ஒன்றுமில்லை. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “தொட்டுப் பாரு. எப்படி இருக்கு?”

“சொரசொரன்னு இருக்கு.”

“அதுதான் மேற்பரப்பு. சுத்தி நாலு பக்கமும் பாத்தா மேடு பள்ளமா இருக்கே, அது பருமன்.”

நூலின் நுனியைப் பிடித்த சிறுமி இன்னும் அதை விடவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். “நடுவுல ஒண்ணுமே இல்லாம இருக்கே, அது என்ன மிஸ்?”

“நீயே சொல்லேன்.”

“அம்மா உக்காந்த இடம்… இப்ப காலியா இருக்கு. ஆனா அவங்க உக்காந்தது தெரியுது.”

“அதுதான் வெளி” என்றாள் அவள். “ஏழாவது.”

தலைவி தம் உடையின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு களிமண்ணைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

“இருபது வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். வெளின்னா என்னன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதுவும் நானே உக்காந்து கத்துக்கிட்டேன்.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சார், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஒரு புள்ளையாவது ஓடிச்சா?”

“ஒண்ணுகூட இல்லம்மா” என்றார் இயக்குநர். தம் கண்ணையே அவரால் நம்ப முடியவில்லை.

வெளியே பஸ் நீளமாக ஹார்ன் அடித்தது. பிள்ளைகள் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

“நாங்க வர மாட்டோம்!”

“பாத்தீங்களா!” என்றார் தலைவி. “இந்தப் பொண்ணை அடுத்த வாரத்துலேருந்து நிரந்தரமா போடுங்க. அந்தக் களிமண்ணைக் கலைக்க வேணாம். அப்படியே காட்சிக்கு வைங்க.”

கெமிஸ்ட்ரிக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. பழைய ஆளாகிவிட்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தூணின் பக்கம் போனாள்.

அப்போது காவலாளி அண்ணன் பச்சைச் செருப்போடு ஓடிவந்தார்.

“சார், போன் வந்துச்சு. இன்னிக்கு வர வேண்டிய ஸ்கூல்காரங்க பஸ் வழியிலயே ரிப்பேராம். வரலையாம்.”

இயக்குநர் போனையும் பஸ்ஸையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். தரையில் நாற்பது பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்போ இவங்க யாரு?”

கடைசி நூல் அறுந்தது. விளையாட்டு ஆசிரியர் ஒரு பெருமூச்சு விட்டார்.

“அதைத்தான் சார் காலையிலேருந்து சொல்ல வர்றேன். மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போற வழியில, டாய்லெட்டுக்குன்னு பத்து நிமிஷம் இங்க நிறுத்தினோம். இப்பப் பாருங்க, புலியே வேணாம்னு உக்காந்திருக்குதுங்க!”