கப்பலுக்கு ஒரு கோட் ப்ரைமர்

இந்தக் கல்யாண நாளுக்காவது மனைவியை அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். முப்பது வருஷத்தில் நான் எடுத்த இரண்டாவது முடிவு இது. முதலாவது அவளைப் பெண் பார்க்கப் போனது. அதுகூட அக்கா எடுத்த முடிவு என்று சொல்பவர்கள் உண்டு.

எங்கள் கூடத்து அலமாரியின் மேல் ஒரு கப்பல் நிற்கிறது. பிளாஸ்டிக். முழ நீளம். கல்யாணமான மறுவாரம் நாங்கள் ஏறிப் போன பயணிகள் கப்பலின் சின்ன உருவம். அந்தப் பயணத்தில் அவளுக்கு ஓயாத தலைசுற்றல். நான்தான் பிடித்துக்கொண்டேன். கரை இறங்கியதும் பிடியை அவள் வாங்கிக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.

ஊர் திரும்பி, ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து, பெட்டியில் வந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி அதைச் செய்தேன். அப்போது எனக்கு கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. மிஞ்சிய லாக்கர் பெயிண்டைச் சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து அடிப்பேன். நெடி ஆளைத் தூக்கும். இரண்டு பேரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, காய்கிறவரை பேசிக்கொண்டிருப்போம். பேச்சு முடியக்கூடாது என்பதற்காகவே தேவையில்லாத மூன்றாவது கோட் அடித்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகிப்போகிறது.

இப்போது கப்பலின் வெள்ளை மஞ்சளித்துவிட்டது. அவள் தங்கை வீட்டுக்குப் போன ஒரு காலையில், அடிப்பூச்சுக்கான லாக்கர் ப்ரைமர் டப்பாவும் கையுமாகக் கொல்லைப்புறத்தில் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"அடியில என்ன பெயிண்ட் சார்? எனாமலா இருந்தா லாக்கர் ஏத்தாதீங்க. சுருட்டிக்கிட்டு வந்துரும்."

"பட்டறையில இருபது வருஷம் இருந்தவனுக்கே பாடமா? இது லாக்கர் மேல லாக்கர். நல்லா ஒட்டிக்கும்."

"நிச்சயமா லாக்கர்தானா?"

"நான் அடிச்சது சார்! நெடி இன்னும் மூக்குல இருக்கு."

அடித்தேன். ஐந்து நிமிஷம் அழகாக இருந்தது. ஆறாவது நிமிஷம், ஆறின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி மேல்தளம் சுருங்கியது. பதறிப்போய்த் துணியால் துடைத்தேன். பெயிண்ட் துணியோடு வந்தது. எங்கள் முதல் வருஷத்துக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி இந்தக் கப்பல். அதை நானே கொன்றுவிட்டேன்.

அப்புறம்தான் மூளை விழித்தது. லாக்கர் இப்படிச் சுருளாது. சுருண்டால் அடியில் எனாமல். நான் எனாமல் தொட்டதே இல்லை! துணியைப் பார்த்தேன். எங்கள் ஜன்னல் கம்பிக்கு அவள் அடித்த அதே எனாமல் வெள்ளை. அப்படியென்றால் இது என் கப்பலே இல்லை!

குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரே தாவலில் நீதிபதி நாற்காலிக்குப் போய்விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் உள்ளே நுழைந்ததும் கேட்டேன்.

"இந்தக் கப்பலை யாரு செஞ்சது?"

கப்பலைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள்.

"நான்தான்."

மறுப்பாள் என்று நம்பி ஆறு குறுக்குக் கேள்வி தயாரித்திருந்தேன். அத்தனையும் வீண்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டடை அடிக்கும்போது உங்களுது விழுந்து உடைஞ்சுருச்சு. அழுதுட்டேன். அதே பெட்டியைத் தேடி வாங்கி, நீங்க வேலைக்குப் போனதும் உட்கார்ந்து ஒட்டினேன். நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசம் அலமாரி காலியாவா இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீங்க பார்க்கல."

"சரி, செஞ்சு முடிச்சதும் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு உங்க முதலாளி வந்திருந்தாரு. 'கொடிமரம் எவ்வளவு நேரா நிக்குது பாருங்க, இந்தக் கை யாருக்கு வரும்'னீங்க. என் கையை யாரும் அப்படிப் புகழ்ந்ததே இல்லைங்க. அப்புறம் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நான் பாட்டுக்கு உள்ள நின்னு கேட்டுக்கிட்டேன்."

நீதிபதி நாற்காலியில் யாரும் இல்லை.

"தப்புதாம்மா. முதல்லயே உன் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும். நல்ல கை உனக்கு."

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே என் கப்பல். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தாளில் சுற்றியிருந்தது. கொடிமரம் கோணல். அவள் கண் கலங்கியிருந்தது. தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டையும் கல்யாண நாளுக்குள்ள சரி பண்ணிடுவேன்" என்றேன், ப்ரைமர் டப்பாவைத் தேடியபடி.

டப்பா அவள் கையில் இருந்தது.

"நீங்க ஒட்டிக் குடுங்க, போதும். பெயிண்ட் வேலை தெரிஞ்சவங்க அடிச்சுக்கறோம்."