ஜும்ரி தலையாவிலிருந்து ஹோர்சன்ஸ் வரை

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு அது தாராளமாக இருந்தது. மொழிதான் இருக்கவில்லை.

இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் டேனிஷ் அமைச்சர் தடுத்து வைத்திருந்த காலம்; பிறகு அதுதான் தமிழர் வழக்கு என்று பத்திரிகைகளில் தினமும் அடிபட்டது. எங்கள் மனைவி பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் ஏதோவொரு மேசையில் நிம்மதியாக உறங்கின. நாங்கள் ஹோர்சன்ஸ் நகரில் உறக்கமில்லாமல் கிடந்தோம்.

அப்போது உள்ளூர் வானொலியில் பாகிஸ்தான்காரர் ஜாவித், கிழமைக்கு ஒருநாள் அரைமணி நேரம் இந்தி, உருதுப் பாட்டுப் போடுவார். இந்தியரும் பாகிஸ்தானியரும் சண்டையில்லாமல் சேர்ந்து கேட்ட அரைமணி நேரம் அது. அவரிடம், இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அளந்துவிட்டிருந்தேன். (உண்மை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் கொழும்பு வானொலியின் இந்தி நேயர் விருப்பம் கேட்டிருக்கிறேன். அர்த்தம் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.)

ஒருநாள் ஜாவித்துக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. அந்த நேரத்தைப் பிடுங்க வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு கிழமை பேசாவிட்டால் நிகழ்ச்சி பறிபோய்விடும். என்னை இழுத்து மைக்கின் முன் இருத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்.

முதல் பாட்டு முடிந்தது. என் வாயில் வந்தது ஒன்றுதான். கொழும்பு வானொலியின் பழைய அறிவிப்பாளரைப் போல, பாட்டு விரும்பிக் கேட்ட ஊர்களை அடுக்கினேன்: ஜும்ரி தலையா, ராஜ்நந்த்காவ், கான்பூர்... ஜாவித் தலையில் கைவைத்தார். கத்தக் குரலில்லை, பாவம்.

மூன்றாம் பாட்டோடு ஊர்கள் தீர்ந்தன. அந்தக் கொழும்பு நிகழ்ச்சியில் குடும்பம் முழுவதன் பெயரையும் சேர்த்து வாசிப்பது வழக்கம். நானும் என்னோடு கிடந்த நண்பர்களின் குடும்பங்களை வாசிக்கத் தொடங்கினேன். "ஹோர்சன்ஸிலிருந்து அன்ரன், மேரி, மூன்று பிள்ளைகள்... சிவநேசன், மலர், மகள் கௌரி..." அந்தப் பெண்களில் ஒருத்திகூட அதுவரை டென்மார்க்கில் கால் வைத்திருக்கவில்லை. கடைசியாக என் மனைவி சாந்தியின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்தது. அதை மறைக்கிற அவசரத்தில், கல்யாணமே ஆகாத என் அறைத்தோழன் யோகனுக்கும் மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும் கொடுத்துவிட்டேன்.

நிலையத் தொலைபேசி அலறியது. தொலைந்தேன் என்று நினைத்தேன். கான்பூர்க்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெயர் கேட்டு அழுதாராம். அடுத்த கிழமை தங்கள் பெயரையும் வாசிக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். நிகழ்ச்சி தப்பியது. எனக்கென்று வந்த ஒரே அழைப்பு அன்ரனுடையது.

"அண்ணை, மேரியின்ர பேரை இன்னொருக்கா சொல்லுவியளோ?"

அறையில் யோகன் காத்திருந்தான். "ஆரண்ணை அந்த மனுசி? அம்மா அறிஞ்சா என்னைக் கொல்லுவா!"

எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேவலமான அரைமணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு இன்றும் பெருமை.

தடை நீங்கியபின் சாந்தி வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு இதையும் பரிமாறுவாள்:

"நான் டென்மார்க்குக்கு ரெண்டுதரம் வந்தனான். முதல்தரம் இந்தாள் ரேடியோவில கூப்பிட்டது. அதுக்கு ஒருத்தரும் விசா கேக்கேல்லை."