மோர்மிளகாய் கூலியில்லாமல் கொழும்பு போன விதம்

உருத்திரபுரம்,
14.10.1961

அன்பும் மதிப்புமுள்ள அத்தான் கனகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அப்புத்துரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் விமலேஸ்வரியும் இரண்டு எருதுகளும் சுகம். கொழும்பில் நீங்களும் என் அருந்ததி அக்காவும் அதேபோலச் சுகமாயிருக்கப் புதூர் நாகதம்பிரான் அருள் செய்வாராக.

கதிரை பக்கத்தில்தான் கிடக்கிறது, அத்தான். சந்தோஷத்தில் அதில் உட்கார்ந்திருக்க முடியாமல் நின்றுகொண்டே எழுதுகிறேன். பார்சல் கூலியை ஒரேயடியாக ஒழித்துவிட்டேன்.

வெள்ளவத்தைச் சைவக் கடைக்காரர் விமலேஸ்வரி போட்ட மோர்மிளகாயை ருசி பார்த்துவிட்டு உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். தீபாவளிக்கு முன் நாற்பது இறாத்தல் வந்து சேர வேண்டும், அனுப்பும் கூலியால் விலை ஏறக்கூடாது, அப்படியென்றால் மாதாமாதம் எடுப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றாராம். அந்த வருமானத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கவேண்டும் என்பது விமலேஸ்வரியின் ஆசை. ஆவணி முழுவதும் வெயிலில் நின்று, ஆடு வாய் வைக்காமல் காவல் காத்து, மிளகாயைக் காயவைத்தாள். அனுப்புகிற வேலையை என்னிடம் விடு என்று நான் வாக்குக் கொடுத்தேன். கிளிநொச்சி ஸ்டேஷனில் போய்க் கேட்டால், பத்து இறாத்தல் பொதிக்கும் பெரிய பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே கூலி என்கிறார்கள். காயக் காயப் பத்துப் பத்தாக அனுப்பினால் இலாபமெல்லாம் ரயிலோடு போய்விடும்.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து ரயிலேற்றும் மஹ்றூப் அங்கே நின்றார். "அண்ணை, என்ர பெட்டியில இடம் கிடக்கு. சேர்த்துப் போடுவம், கூலியைப் பாதி பாதியாக் குடுப்பம்" என்றார். சைவக் கடைக்குப் போகிற சாமானைக் கருவாட்டோடு அனுப்புவதா? மரியாதைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் மூளை வேலை செய்தது. கொழும்புக்குப் போகிற ஊர்ச்சனத்தின் கையில் பொதியைக் கொடுத்துவிட்டால் ரயிலுக்கு எதற்குக் கூலி? இப்படிச் சுலபமான வழி இருக்க, யாவாரிகள் ஏன் வீணாகக் கூலி கட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் அகப்பட்டவர் நீர்ப்பாசனக் கந்தோர் ஓவசியர் தில்லைநாதன். ஒருவரிடம் உதவி கேட்கும்போது வாசலில் நின்று கேட்க முடியுமா, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னேன். மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்தார். சேவலை அடித்தோம். பொதியைத் தூக்கும்போது அவருடைய மனைவி மிளகாய் நல்ல வாசம் என்றா. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது மனிசத்தன்மையா? இரண்டு இறாத்தலை அவாவுக்கென்று கட்டிக்கொடுத்தேன். பிறகு எல்லாரையும் வண்டிலில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டேன், அரை நாள் உழவு நின்றுபோனது. ஆனால் பார்சல் கூலி ஒரு சதமும் இல்லை, அதைக் கவனியுங்கள்.

அடுத்தவர் கண்ணுக்கு மருந்து கட்டக் கொழும்பு போன நடராசா அம்மான். அவருக்கு ஒரு கையில் ஊன்றுதடி, மற்றக் கையில் தன்னுடைய பை. பொதியைத் தூக்க ஆளில்லை. ஆகவே அவருடைய தம்பியைத் துணைக்கு அனுப்பி, போகவர ரிக்கற்றும் நானே எடுத்துக் கொடுத்தேன். விமலேஸ்வரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ரிக்கற் மனிதனுக்கு, மிளகாய்க்கு அல்ல என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இதிலும் பார்சல் கூலி இல்லை. மூன்றாம் பொதியைக் கொண்டுபோன எங்கள் ஊர்ப் பாலன், கொழும்புக்கென்று என்னிடம் வேட்டியும் சால்வையும் வாங்கி உடுத்திக்கொண்டு, பொல்காவலையில் ரயில் மாறிக் கண்டிக்குப் போய்விட்டார். மிளகாய் பத்திரமாக இருப்பதாகவும், அங்கத்தைய மழைக் குளிருக்குச் சோற்றோடு நன்றாகச் சேர்வதாகவும் தபால் அட்டை போட்டிருக்கிறார். நல்ல நாணயமான ஆள்.

இனி உங்கள் பங்கு. தயவுசெய்து கந்தோரில் இரண்டு நாள் லீவு எடுங்கள். தில்லைநாதன் தெகிவளையில் மைத்துனி வீட்டில் நிற்கிறார், பொதி அங்கே. வெறுங்கையோடு போகவேண்டாம், அந்த மைத்துனிக்கும் பிள்ளைகள் நாலு. கண் ஆஸ்பத்திரியில் அம்மானுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துச் சுகம் விசாரித்துவிட்டு, அவருடைய தம்பியிடம் மற்றப் பொதியை எடுங்கள். கண்டிக்கு ஒரு நடை போய்வந்தால் மிச்சமும் கைக்கு வரும். பத்து இறாத்தல் இங்கே வீட்டில் இருக்கிறது, அதற்கும் ஆள் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது. கடைக்காரரிடம் தைரியமாக வாக்குக் கொடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் நோய் நொடியில்லாமல், பொதி தூக்கும் பலம் குன்றாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
வீ. அப்புத்துரை

பி.கு.: லீவு எடுக்கவேண்டாம். இதை விமலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, அக்கா எழுதிய கடிதத்தை எடுத்துத் தந்தாள். நாற்பது இறாத்தல் மிளகாயும் போன கிழமையே கடைக்குப் போய்விட்டதாம், மாதாமாதம் அனுப்பச் சொல்லிக் கடைக்காரர் எழுதியும் கொடுத்துவிட்டாராம். இவள் மஹ்றூப்பின் மனைவி ஹாலிதாவோடு பேசி, மிளகாயைத் தகர ரின்களில் அடைத்து, மூடியை ஈயம் வைத்து ஒட்டி, மணம் அணுகாமல் கருவாட்டுப் பெட்டியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறாள். கூலி பாதிதான். அப்படியானால் நான் அனுப்பியது என்னவென்று கேட்டேன். "நான் எண்பது இறாத்தல் போட்டனான். நாற்பது கடைக்கு, நாற்பது உங்கட பயணக்காரருக்கு. நீங்கள் சந்தோசப் புளுகத்தோட ஓடித் திரிஞ்சீங்கள், அதை ஏன் கெடுப்பான் எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான்.

ஆனாலும் என் வழியில் பிழை இல்லை. இந்தக் கடிதத்துக்கு முத்திரைகூட ஒட்டாமல், கடைசிப் பொதிக்கு நான் பார்த்துவைத்த வீரகத்தி அண்ணர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் குசினியில் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுகிறார். பயணம் அடுத்த வியாழக்கிழமைதானாம். அதுவரை இங்கேதான் நிற்பார்.