நூற்றுக்கு நாலு

மருத்துவமனை மாடிப்படியில் பாதி இறங்கும்போதே தரப் பரிசோதகர் தன் ரிப்போர்ட் உறையைக் கிழித்துவிட்டார். டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பிரிக்க வேண்டாம் என்று ஆய்வகத்துப் பெண் சொல்லித்தான் கொடுத்தாள். ஆணித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, பிரிக்காதே என்றால் நடக்கிற காரியமா?

எண்ணிக்கை, வேகம் என்று ஏதேதோ எழுதியிருந்தது. அவர் கண் கடைசி வரியில் போய் நின்றது. சரியான வடிவமுள்ள விந்தணுக்கள் நூற்றுக்கு நாலு. மீதிக்கெல்லாம் தலை கோணல், கழுத்து வளைவு, வால் சுருட்டல்.

தலை கோணலும் கழுத்து வளைவும் அவரே தினமும் எழுதுகிற வார்த்தைகள். ஆயிரம் ஆணியில் நாலு கோணல் என்றாலே மெஷினை நிறுத்திவிடுகிற மனிதர். இங்கே நூற்றில் தொண்ணூற்றாறு கழிவு. நிறுத்தலாம் என்றால் மெஷினும் இல்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம். மூன்று மாதம் கழித்து மனைவியின் கருமுட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் வைத்துக் கருவாக்கப் போகிறார்கள். இருவரும் அந்த ஒரு நாளைத்தான் நம்பியிருந்தார்கள்.

"ரிப்போர்ட் என்னாச்சுங்க?" என்றாள் மனைவி, கதவைத் திறந்ததும்.

"எல்லாம் நல்லா இருக்காம்."

"எங்க, காட்டுங்க."

"ஃபாக்டரியிலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வரேன்னு இப்பத்தானே போன்ல சொன்னீங்க?"

உறை அவர் சாப்பாட்டுப் பையின் அடியில் மடிந்து கிடந்தது. பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்தப் பையைத் தினமும் துவைத்துக் காயப்போடுவது யார் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

இணையத்தில் தேடினார். புகை ஆகாது, சூடு ஆகாது, இறுக்கமான கால்சட்டை ஆகாது. புது விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அன்றைக்கே சிகரெட்டை விட்டார்.

"என்னங்க, பால்கனிக்குப் போகலையா?"

"தொண்டை கரகரங்குது. அதான்."

தொண்டை என்றதும் அவள் குளிக்க வெந்நீர் வைத்தாள். சூடு ஆகாதே. அதைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தார். நாலாம் நாள் நிஜமாகவே தொண்டை கட்டி, மூக்கும் ஒழுகியது. இன்னும் சூடாக வெந்நீர் வந்தது.

டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தபோது, "ஷிப்டு மாறிடுச்சு, நீ மட்டும் போயிட்டு வந்துடேன்" என்று நழுவினார்.

போய்விட்டு வந்தவள் கைப்பையை மாட்டிவிட்டு முகம் கழுவினாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்னத்த சொல்வாங்க? உங்க உடம்பைப் பார்த்துக்கச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தையற்காரரிடம் கொடுத்து எல்லாக் கால்சட்டையையும் இரண்டு விரற்கடை தளர்த்திக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு கையால் ஆணியைத் தூக்கிப் பார்த்தார், மறு கையால் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"சாருக்கு உடம்பு இளைச்சிட்டே போகுது, சளி வேற" என்று ஃபோர்மேன் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தார், நல்ல எண்ணத்தில்தான். மேனேஜரும் இரக்கப்பட்டு அவர் நாற்காலியை உலைப் பக்கத்துச் சுவரோரம் போடச் சொன்னார்.

"கதகதப்பா இருக்கும், உக்காருங்க சார்."

"வேண்டாங்க, நான் நின்னுக்கறேன்."

மூன்று மாதம் நின்றார். கால் வலித்ததால் ஷிப்டு முடிந்ததும் அரட்டைக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தார். வந்ததும் குற்ற உணர்ச்சியில் காய் நறுக்கினார், துணி மடித்தார். கருமுட்டை வளர்வதற்காக அவள் ஊசி போட்டுக்கொள்கிற நாட்களில் அவள் கண்ணைப் பார்க்கவே கூசியது.

தொழிற்சாலையிலும் மனம் இளகிவிட்டது.

"சார், இது தலை கோணல்" என்றார் ஃபோர்மேன்.

"கோணலா இருந்தா என்னய்யா, சுவத்துல ஏறாதா? அதுவும் பாவம்தானே."

ஃபோர்மேன் அன்றைக்கு மேனேஜரிடம் மறுபடி போனார்.

அந்த நாள் வந்தது. மனைவியை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். மாதிரிக் குப்பியை ஆய்வகத்து ஜன்னலில் நீட்டிய பரிசோதகர் கையை எடுக்கவில்லை.

"அம்மா, ஒரு விஷயம். இதுல நூத்துக்கு நாலுதான் தேறும். மூணு மாசமா என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். அவகிட்ட சொல்ல வாய் வரலை. பன்னெண்டு நாளா ஊசி குத்திக்கிட்டா. என்னால அது வீணாப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அந்தப் பெண் குப்பியை வாங்கி, பெயரைச் சரிபார்த்தாள்.

"சார், நாலுதான் பாஸ் மார்க்."

"என்னம்மா சொல்றீங்க?"

"எல்லாருக்குமே முக்கால்வாசிக்கு மேல கோணல்தான். உங்களுக்கு எண்ணிக்கை, வேகம் எல்லாம் நல்லாவே இருக்கு. அதுல நல்லதாப் பார்த்துத்தான் நாங்க எடுப்போம்."

பரிசோதகர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"இதை அப்பவே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே சொல்லியாச்சே சார். சாப்பாட்டுப் பையில கிடந்த ரிப்போர்ட்டோட வந்து கேட்டாங்க. 'சிகரெட்டை விட்டுட்டாரு, நேரத்துக்கு வீட்டுக்கு வராரு, காய் கூட நறுக்கறாரு. அவரா கேட்டா பாஸ் மார்க் பத்துன்னு சொல்லிடுங்க'ன்னு நேத்துக்கூட போன் பண்ணாங்க. எனக்குத்தான் பொய் வாயில வரலை."