நாலு பூனைக்குட்டியும் ஒரு வாளி பிளாஸ்டரும்

கைக்குக் கொஞ்சம் தொழில் வந்துவிட்டால், உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் அதிலேயே வைத்தியம் இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அந்தக் கிறுக்கு இருபத்தாறு வயதில் பிடித்தது. எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கிற வேலை. (பொம்மைக்கும் கோப்பைக்கும் பிளாஸ்டரில் அச்சு செய்வேன். நடை மட்டும் கோயில் கோபுரம் கட்டியவன் மாதிரி இருக்கும்.)

ஒரு நாள், கோப்பைகளைப் பொதிய வைத்திருந்த வைக்கோலுக்குள் நாலு பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி சரோஜா என்னைத் திட்டிக்கொண்டே பாலைத் துணித்திரியில் நனைத்து ஊட்டினாள். மூன்றாம் நாள் அவள் கணுக்கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. குட்டிகளோடு ஒரு பட்டாளம் தெள்ளுப்பூச்சியும் குடிவந்திருந்தது. குட்டிகளுக்கோ ஈறு வெளுத்துவிட்டது. இருந்த கொஞ்ச ரத்தமும் பூச்சிக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, ஞாயித்துக்கெழம எங்கப்பா வராரு. அதுக்குள்ள இந்த வூட்ட வுட்டு பூச்சி போவணும். இல்லாட்டி குட்டிங்கள கோணியில போட்டு எடுத்துக்கினு போவச் சொல்லிடுவேன்."

மாமனார் பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர். சொன்னால் செய்துவிடுவார். கோணிக்குள் அந்த நாலு முகத்தையும் நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தொழில் மூளை வேலை செய்தது. பிளாஸ்டர் அச்சில் குழைத்த மண்ணை ஊற்றினால், அதிலிருக்கும் தண்ணீரை அச்சு உறிஞ்சிவிடும். ஒரு தெள்ளுப்பூச்சி உடம்பில் எவ்வளவு ஈரம் இருந்துவிடப் போகிறது? மேஸ்திரியிடம் கேட்டு ஒரு வாளி பிளாஸ்டர் மாவு வாங்கிவந்தேன். ஞாயிறு காலை சரோஜா தெருக்குழாய்க்குப் போன நேரம் பார்த்து, கூடம் முழுக்கக் கொட்டிப் பரப்பினேன். குட்டிகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பூசிவிட்டேன்.

கை உதறுவதற்குள் மாமனார் வந்துவிட்டார், கக்கத்தில் கோணியோடு.

"என்னா மாப்ள, மாவு கொட்டிப் போச்சா?"

"மருந்து மாமா. நீங்க உக்காருங்க."

பாவம், உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் வைத்தேன். குட்டிகள் பாய்ந்து வந்து சொம்பைக் கவிழ்த்து, அவரோடு தாங்களும் நனைந்தன. "வுடுங்க மாப்ள, வெயிலுக்கு இதமாத்தான் இருக்குது" என்றார். நான் பிளாஸ்டரின் மகிமையை அரை மணி நேரம் விளக்கினேன்.

நடுவில் அவர் நெளிந்தார். "மாப்ள, கீழ என்னமோ சுடுதுங்களே?"

"சுட்டா நல்லா இறுகுதுன்னு அர்த்தம் மாமா" என்றேன், பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது: கவிழ்ந்த தண்ணீர்! அவர் எழுந்தார். வேட்டி எழவில்லை.

திரும்பிப் பார்த்தால் குட்டிகள் வயிறும் காலும் வெள்ளை ஓடாக இறுகி, நகர முடியாமல் கத்துகின்றன. காப்பாற்றப் போய்க் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். உள்ளே வந்த சரோஜா குடத்தை இறக்கினாள். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் எடுத்து, ஒவ்வொரு குட்டியாக ஊறவைத்துப் பிளாஸ்டரைக் கழுவினாள். பிளாஸ்டரோடு தெள்ளுப்பூச்சிகளும் கும்பலாகத் தண்ணீரில் மிதந்தன!

நான் கரண்டியால் தரையை மூலை முடுக்கு விடாமல் சுரண்டினேன். மாவு பட்ட பாய், துணி எல்லாம் கொதிக்கும் தண்ணீருக்குப் போயின. பூச்சியின் முட்டைகள் அங்கேதான் இருந்திருக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. மாமனார் என் கைலியைக் கட்டிக்கொண்டு, கிழிந்த வேட்டியில் நாலையும் சுற்றி மடியில் வைத்து, கொல்லை வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"நடுங்குதுங்க மாப்ள. இன்னொரு துணி எடுத்தாங்க."

சாயங்காலம் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பெருசானதும் கறுப்புக் குட்டி எனக்கு. போயிட்டு வரேன்."

மூன்று வாரம் பேன்சீப்பால் தினமும் வாரினோம். தினமும் மூலைவரை பெருக்கினோம். ஈறு சிவந்தது. மாமனார் உட்கார்ந்த இடத்தில் பெயர்த்தெடுத்த பிளாஸ்டர்த் துண்டில் வேட்டி நூல்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது. என் வாழ்நாளில் நான் வார்த்த அச்சுகளில் அதுதான் முதல் தரம்.

என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்காரப் போனார்கள். மாமனார் பின்னாலிருந்து கத்தினார்: "தரையத் தொட்டுப் பாத்துட்டு உக்காருங்க, எங்க மாப்ள வூட்டு விசேஷம்!" மண்டபமே சிரித்தது. இப்போதும் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் தரையைத் தடவிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும். நாலு குட்டியில் நாலும் பிழைத்தன.