பைலட்டுக்கு முன்னால் போனவன்

தூத்துக்குடியில் கன்டெய்னர் லாரிகளே ஒதுங்கி வழிவிட்ட ஒரே மொபெட் என் அப்பாவுடையது. ஊருக்குள் அவர் பெயர் பைலட். விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலுக்கு வழிகாட்டும் அதிகாரிக்குத் துறைமுகத்தில் பைலட் என்று பெயர். அவரை நடுக்கடலில் நிற்கும் கப்பல்வரை படகில் கொண்டுபோய் விடுவதுதான் அப்பாவின் வேலை. அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள்; பட்டம் அப்பாவிடம் தங்கிவிட்டது.

வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் முன்னால் மொபெட்டில் போவார். பள்ளம் வந்தால் இடக்கையை நீட்டுவார். நாய் வந்தால் வலக்கை. உப்பு லாரி வந்தால் இரண்டு கையும். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கார் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மாதா கோவிலுக்குப் போனது. நான் ஓடிப்போய்விட்டதாகப் பெண் வீட்டார் முடிவுகட்டி அழத் தொடங்கியிருந்தார்கள்.

ஒருமுறை திருநெல்வேலிக்கு இன்டர்வியூ. பஸ்ஸுக்கு முன்னால் அப்பா. டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, இது ரூட் பஸ்ஸு!"

"உள்ள எம் மவன் இருக்கான். மெள்ள வாரும்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் எனக்குப் பின்னால் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

ரிட்டயர் ஆனதும், "இனி முழுநேரமும் உங்களுக்குத்தான்" என்றார். வீடே நடுங்கியது. பேத்தி ஸ்டெல்லா பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் முன்னால் அவர் மொபெட், பின்னால் எங்கள் கார். கண்புரை ஆபரேஷனுக்கு மறுநாள்கூட ஒற்றைக் கண்ணோடு வழிகாட்டினார். இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

போன மாதம் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மறுநாள் மாலை நாலு மணிக்கு மாதா கோவிலில் அடக்கப் பூசை. ஐந்து மணிக்கு அங்கேயே ஒரு கல்யாணம். "நேரம் தப்பினா பொண்ணும் பெட்டியும் வாசல்ல முட்டிக்கும்" என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெட்டியைச் சவ வண்டியில் ஏற்றியதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏலே, உங்கப்பா நம்மள யாரையும் தனியா அனுப்புனதில்ல. மொபெட்ட எடுத்துட்டு நீ முன்னால போ."

"அதத் தொட விடமாட்டாரேம்மா."

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கிளம்பினேன். ஹெட்லைட் கடகடவென்று ஆடியது. பள்ளம் வந்தது, எந்தக் கை என்று யோசிப்பதற்குள் பள்ளத்துக்குள் இருந்தேன். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். ஒருவகையில் வழிகாட்டிவிட்டேன்.

அடுத்தது ரவுண்டானா. வலப்பக்கம் திரும்பவேண்டியவன் இடப்பக்கம் திரும்பினேன். என்னை நம்பி மொத்த ஊர்வலமும் திரும்பியது. நேராகப் போய் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். மொபெட்டைக் கண்ட வாட்ச்மேன் பழக்கத்தில் கேட்டைத் திறந்துவிட்டார்.

"என்ன சார், நீங்க வாரீங்க? தாத்தா எங்க?"

"பின்னால வாராரு."

எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.

மணி மூன்றே முக்கால். ஸ்டெல்லா பின்னால் வந்த கார் ஜன்னலில் தலைநீட்டி, "அப்பா, நான் இன்னைக்கு லீவு!" என்றாள்.  நான் ஞானஸ்நானம் வாங்கிய கோவில், அதற்குப் போகிற வழி அடியோடு மறந்துபோயிருந்தது. சவ வண்டி டிரைவர் இறங்கி வந்தார்.

"கடைசியா அவருக்குப் பேத்தி ஸ்கூலைக் காட்டுதீங்கன்னுல்லா நெனச்சேன்! சொந்த ஊருதான அண்ணாச்சி, கோவிலுக்கு வழி தெரியாதா?"

"ரோட்டை எங்க பாத்தேன்? இத்தன வருசமும் அப்பா முதுகத்தான பாத்துட்டு வந்தேன்."

அவர் என் தோளைத் தட்டினார்.

"செரி, நாங்க முன்னால போறோம். நீங்க பின்னால வாங்க."

அப்பாவின் வண்டி என்னைத் தாண்டி முன்னால் போனது. பின்னாலேயே போனேன். ஹெட்லைட் ஆடவில்லை. நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, அப்பா எங்கள் எல்லாரையும் பத்திரமாகக் கோவிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.